வடபழனி மால் வாடகையில் ஒரு பங்கு: நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் யூனிட்கள்

வீட்டுக்காரர் எடுத்த ஆட்டோக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். கொரோனா சமயத்தில் வண்டி ஓடாமல் தவணைகள் நின்றுபோக, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் ஸ்கோரும் 600-க்குக் கீழே இறங்கிவிட்டது. அப்புறம் வீட்டுக் கடன் என்று எங்கே போய்க் கேட்டாலும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள். தையல் வேலையில் மாதம் மிஞ்சுவதோ ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. இந்த நிலைமையில் இருக்கிறவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வது ரெய்ட் (REIT) யூனிட், அதாவது பலரிடம் பணம் திரட்டி மால், ஆபீஸ் கட்டடங்களை வைத்து வாடகையைப் பிரித்துத் தரும் டிரஸ்டில் ஒரு பங்கு. நான் வாங்கி வருவது நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட்.

வடபழனி விஜயா மால் இவர்களுடையதுதான். 2023 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது 14 நகரங்களில் 17 மால்கள் இருந்தன, யூனிட் விலை 100 ரூபாய். கடைகள் கொடுக்கும் வாடகையில் செலவெல்லாம் போகப் பிரித்துத் தரக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. 2021-க்கு முன்னால் ரெய்ட் யூனிட்களை மொத்தமாகத்தான் வாங்க வேண்டும், என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத விஷயம். இப்போது ஒரே ஒரு யூனிட் கூட வாங்கலாம். யூனிட்களை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்குக்கு பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். சிபில் ஸ்கோரை யாரும் கேட்கவில்லை, ஜாமீனும் கேட்கவில்லை. அந்த நிம்மதி எனக்குப் பெரிது.

இதற்கு முன்னால் மாதத் தவணை மனைக்காக ஒரு புரோக்கர் எங்களை வேனில் மதுராந்தகம் பக்கம் கூட்டிப் போனார். சாப்பாடு போட்டார்கள், அன்றைக்கே முன்பணம் கட்டச் சொன்னார்கள். மனை, வீட்டு விற்பனையைக் கண்காணிக்கும் ரெரா அமைப்பின் பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சு மாறியது. 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ உள்ள லேஅவுட்டை அந்தப் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்குவதற்கு முன் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். எங்களுக்குக் காட்டியதோ வெறும் ரசீதுப் புத்தகம். தவணையில் மனை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த இரண்டையும் கேளுங்கள்.

யூனிட்டிலும் குறை இருக்கிறது. விலை தினமும் ஏறி இறங்கும், அவசரத்துக்கு விற்கும் நாளில் நஷ்டமும் வரலாம். "பட்டா எங்கேம்மா?" என்று மாமியார் கேட்கிறார், காட்ட ஒன்றும் இல்லை. அதில் வீடு கட்ட முடியாது. மகளுக்கென்று ஒரு மனை வேண்டும் என்ற ஆசையை இது தீர்க்காது, அதற்குப் பணம் சேர்க்க மட்டும் உதவும்.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது வரி விவரம். வருகிற பணம் டிவிடெண்ட் (லாபப் பங்கு), வட்டி, கடன் திருப்பம் (டிரஸ்ட் தன் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனின் அசல் திரும்பி வருவது) என்று பிரிந்து வருகிறது, ஒவ்வொன்றுக்கும் வரிக் கணக்கு வேறு. வட்டிப் பகுதியில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். இந்தப் பிரிவுகளைக் காட்டி எனக்கு வந்த 64பி படிவம் முழுக்க ஆங்கிலம். தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் பையன் உட்கார்ந்து விளக்கினான், இல்லையென்றால் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கலாம் என்பதே தெரிந்திருக்காது. சென்னையில் மால் வைத்திருக்கிறவர்கள் தமிழில் ஒரு பக்க விளக்கம் சேர்த்து அனுப்பலாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தப் படிவத்துக்காக.