அப்பாவின் ரிவால்வரும் இரண்டு ஆபீஸ் பதிலும்

ஒரே ரிவால்வரைப் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு ஆபீஸில் இரண்டு பதில். "இது மியூசியம் சாமான். லைசென்ஸே வேண்டாம், வாங்கி வீட்டுல வெச்சுக்குங்க" என்றார் ஒருவர். "லைசென்ஸ் இல்லாம கையில எடுத்தாலே கேஸ்" என்றார் அடுத்தவர். இரண்டு பேரும் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அப்பாவின் வருஷ திதிக்கு டெக்சாஸிலிருந்து வந்தவன் நான். திதி நல்லபடியாக நடந்தது. ஆனால் இந்தப் பயணத்தில் மனதை அரித்தது இந்த இரண்டு பதில்கள்தான்.

எங்கள் ஏலத்தோட்டம் இடுக்கியில், உடும்பன்சோலைப் பக்கம். போடியிலிருந்து மெட்டு ஏறி வந்து நிலம் பிடித்தவர் தாத்தா. அவருக்கு இந்த ரிவால்வர் எப்படிக் கிடைத்தது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை உண்டு. தோட்டா போடுகிற ரகம் இல்லை. ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாகக் கரிமருந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்தி, பின்னால் சுத்தியல் அடித்ததும் தீப்பொறி விடும் செப்புக் கேப் மாட்ட வேண்டும். அப்பா அதைச் சுட்டு நான் பார்த்ததே இல்லை. தேர்தல் அறிவித்ததும் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைப்பார். ரிசல்ட் வந்த பிறகு போய் வாங்கி வருவார். லைசென்ஸ் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இது பழகிய நடைமுறை.

அப்பா போன கையோடு அண்ணன் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் தாமதம் செய்யாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவு. "கீழே நமக்குத் தெரிஞ்ச கடை இருக்குடா, அங்க குடுத்துடுவோம்" என்றாராம் சித்தப்பா. அண்ணன் மசியவில்லை. லைசென்ஸ் இல்லாத கையோடு போடிமெட்டு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னால் யார் பதில் சொல்வது?

"மியூசியம் சாமான்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்தது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள். அந்தச் சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. இதே மாதிரி கேப் ரிவால்வரின் புத்தம்புது நகலைக்கூட டெக்சாஸில் பார்சலில் வாசலுக்கே வரவழைக்கலாம். அங்கே வருஷத்தையும் ரகத்தையும் பார்க்கிறார்கள். நம் சட்டம் பார்ப்பது வேறு. 45ஆம் பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் ரிப்பேர் பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு செல்லும். அப்படியென்றால் இது சுடுமா, சுடாதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆபீஸிலும் அந்தக் கேள்வியே எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியவர் ஸ்டேஷன் ரைட்டர். "சாரே, ஆர்மரர் வரட்டும். அதுக்கு முன்னாடி யார் சொல்றதையும் எடுத்துக்காதீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரைக் கும்பிடலாம். ஆர்மரர் என்றால் போலீஸில் துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுது பார்க்கிறவர். வந்தவர் நரைத்த மீசைக்காரர். துண்டைப் பிரித்ததும் எங்களை மேஜைக்கு இந்தப் பக்கம் வரச் சொல்லிவிட்டு, குழலை மணல் வாளியின் பக்கம் திருப்பி வைத்தார். முதலில் பின்பக்கம் கேப் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். சுத்தியலைப் பாதி இழுத்து உருளையைச் சுற்றினார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு 'டிக்'. நாலாவது அறைக்கு டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஏதோ அடைத்திருந்தது. ஈரம் படாத கரிமருந்துக்கு எத்தனை வருஷம் ஆனாலும் உயிர் இருக்கும், அதனால் மருந்து அடைத்த துப்பாக்கி என்றே நினைத்துத்தான் தொட வேண்டும் என்றார் மலையாளத்தில். எண்ணெய் விட்டு, ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாக நெருடினார். செம்மண் பொடி உதிர்ந்தது. குளவிக்கூடு! அண்ணன் அப்போதுதான் மூச்சே விட்டார்.

சுடக்கூடிய நிலையில் இருக்கிறது, விலக்கு கிடையாது என்று ஆர்மரர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. நூற்றைம்பது வருஷப் பழசானாலும் அதிலிருந்து வரும் ஈயக் குண்டு பட்டால் ஆள் சாவான். டெக்சாஸ்காரர்களிடம் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

மற்றதெல்லாம் காகித வேலை. கலெக்டருக்கு அண்ணன் பெயரில் விண்ணப்பம், டாக்டர் சர்டிபிகேட், பாதுகாப்புப் பயிற்சி, போலீஸ் ரிப்போர்ட். மற்ற வாரிசு என்ற முறையில் முத்திரைத்தாளில் ஆட்சேபம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். எங்களைப் போலத் தோட்டமும் பழைய துப்பாக்கியும் உள்ள குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆம் விதி இருக்கிறது. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதம் அவர் கையில் 25 வருஷம் இருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அப்பா இரண்டையும் தாண்டியவர். தேர்தலுக்குத் தேர்தல் அவர் ஸ்டேஷன் படியேறினாரே, அங்கே ஒருவராவது அவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பாக்கி அனந்தராவகாச சர்டிபிகேட், அதாவது கேரளத்து வாரிசுச் சான்றிதழ். வில்லேஜ் ஆபீஸில் அறிக்கை முடிந்து தாலூக் ஆபீஸுக்குப் போயிருக்கிறது. கெசட்டில் வந்து ஆட்சேபக் காலம் கழிய வேண்டும். அதுவரை ரிவால்வர் ஸ்டேஷனில், ரசீது அண்ணனிடம்.