ஃபின்லாந்தும் ஜப்பானும்: ஒரு இதய ஒப்பீடு

உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஏழு நாடுகளில் ஒப்பிட்டுப் பார்க்க 1958-ல் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வில்’ மாரடைப்புச் சாவு மிக அதிகமாக இருந்தது கிழக்கு ஃபின்லாந்தில். ஜப்பானில் ரொம்பவே குறைவு. ஃபின்லாந்துக்காரர் தட்டில் ரொட்டி மேல் தடிமனாக வெண்ணெய், பக்கத்தில் கொழுப்பு எடுக்காத பால். ஆண்கள் கையில் சிகரெட். ஜப்பானில் மீன், சோயா, காய்கறி. ஆனால் அங்கே ஊறுகாயிலும் சோயா சாஸிலும் உப்பு அதிகம்; இதயம் தப்பியது, பக்கவாதம் பிடித்துக்கொண்டது. (இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.) பரம்பரை வாகு என்று ஒதுக்கவும் முடியாது: ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடியேறிய ஜப்பானியரிடம் இதய நோய் கூடியது.

என்னைக் கேட்டால் ஃபின்லாந்து கதைதான் சுவாரஸ்யம். 1972-ல் கிழக்கு ஃபின்லாந்தின் வடக்கு கரேலியா பகுதியில் பெக்கா புஸ்கா என்ற மருத்துவர் தலைமையில் மக்களை வெண்ணெயையும் உப்பையும் புகைபிடிப்பதையும் குறைக்க வைத்தார்கள். சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் இறங்கியது.