குன்னூர் மண்ணில் ஹைட்ரேஞ்சியா: பல ஆண்டு வளர்ப்பு அனுபவம்

ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் வீட்டின் கிழக்குப் பக்கத்தில், ஹைட்ரேஞ்சியா புதர்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். பந்து பந்தாகப் பூக்கும் இந்த மேக்ரோஃபில்லா இனத்தின் தாயகம் ஜப்பான். இதற்கு எந்த உரம் இடுகிறோம் என்பதைவிட, கவாத்துக் கத்தரியை எப்போது எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த பருவத்துக்கான பூமொட்டுகளை இச்செடி முந்தைய பருவத்துத் தண்டுகளிலேயே உருவாக்கி வைத்துவிடுகிறது. ஆகவே, பூத்து ஓய்ந்ததும் வாடிய கொத்தை மட்டும், அதற்குக் கீழே திரண்டிருக்கும் முதல் சோடி மொட்டுகளுக்குச் சற்று மேலே நறுக்கினால் போதும். ரோஜாவுக்குச் செய்வதுபோலக் குளிர்காலத்தில் ஒட்ட வெட்டினால், இலை செழிக்குமே தவிர அந்த ஆண்டு பூவைப் பெரும்பாலும் காண முடியாது. உறைபனி விழும் பள்ளமான இடங்களில் தோட்டம் வைத்திருப்போர், பனிக்காலம் முடியும்வரை பழைய கொத்துகளையும் வெட்டாமல் விடுவது நல்லது. அவை கீழுள்ள மொட்டுகளுக்கு ஓரளவு காப்பாகும்.

நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் மண் புளிப்புத்தன்மை கொண்டது. அதில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. மண்ணின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் நீலமும், 6.5-க்கு மேலே போனால் இளஞ்சிவப்பும் வரும். சுவரை ஒட்டி நிற்கும் புதரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: சிமென்ட் பூச்சின் சுண்ணாம்பு கசியும் பக்கத்துக் கொத்துகள் இளஞ்சிவப்பு, பாதைப் பக்கத்துக் கொத்துகள் நீலம், நடுவில் இரண்டும் கலந்த ஊதா. நீலத்தை விரும்புவோர் எலும்புத் தூளையும் சூப்பர் பாஸ்பேட்டையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அவற்றிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தை வேருக்கு எட்டாமல் பிணைத்துவிடும். படிகாரக் கரைசலை ஊற்றலாம். ஆனால் அளவு மீறினால் வேர் கருகும். வெள்ளை வகைகளை எந்த மருந்தும் நீலமாக்காது. நாம் பூவிதழ் என்று எண்ணுபவை உண்மையில் பூவின் வெளியடுக்கான புல்லி இதழ்கள் என்பதால், தொடர்மழையிலும் கொத்து வாரக்கணக்கில் நிலைத்து, பின்னர் மெல்லப் பச்சையாக மாறுகிறது.

நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு உடனே குழாயைத் திறக்க வேண்டியதில்லை. மாலையில் தாமாக நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் உண்மையான தாகம். சருகு மூடாக்கு இட்டால் தண்ணீர்த் தேவை வெகுவாகக் குறையும். பூக்காத தண்டில் இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட குச்சியை மழைக்காலத்தில் வெட்டி, பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்து மணலில் நட்டால், சுமார் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கிறது.

இதன் இலையும் மொட்டும் நச்சுத்தன்மை உடையவை என்பதால் ஆடு மாடு அண்டாமல் வேலி அவசியம். பூத்த தொட்டியைக் கோவைக்கும் மதுரைக்கும் வாங்கிச் செல்லும் சுற்றுலாப் பயணிகளிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். சமவெளியின் கோடையை அது தாங்குவது அரிது.