பிஎம்எஸ் மாற்றி 14 மாதங்கள்: செல்களுக்கு நிம்மதி, எனக்குத்தான் இல்லை

என் மின்சார சைக்கிள் பேட்டரியில் பழுதாகிப்போன பிஎம்எஸ்ஸை, அதாவது செல்களைக் கண்காணித்து ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் போர்டை, நானே மாற்றி 14 மாதங்கள் ஆகின்றன. அதே கோளாறில் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், நீங்கள் போட்ட போர்டையே நானும் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருந்தார். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட மனம் வரவில்லை.

என்னுடையது 48 வோல்ட், 13 ஆம்பியர்-மணி பேட்டரி. ஐந்தைந்தாகச் சேர்த்த 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல்கள், தொடராக 13 தொகுதிகள். மேடு ஏறும்போதெல்லாம் வண்டி திடீரென்று அணைந்துவிடும்; டிஸ்பிளேயோ பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் இருப்பதாகவே சொல்லும். அதன் கண்ணுக்குத் தெரிவது மொத்த வோல்ட்டேஜ் மட்டுமே என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. உறையைப் பிரித்து ஒவ்வொரு தொகுதியையும் மல்டிமீட்டரில் பார்த்தபோது 12 தொகுதிகள் 4.02 வோல்ட்டில் நின்றன. மூன்றாவது மட்டும் 3.31. மோட்டார் பலமாக இழுக்கும் நேரத்தில் அந்த ஒன்று மட்டும் அடிமட்ட எல்லைக்குக் கீழே சரிய, பிஎம்எஸ் மொத்த பேட்டரியையும் துண்டித்துக்கொண்டிருந்தது.

செல்தான் கெட்டுவிட்டதென்று முதலில் எண்ணினேன். பிறகு தற்செயலாகப் போர்டின் மேல் விரல் பட்டபோது, மூன்றாம் தொகுதிக்குரிய சமன்படுத்தும் ரெசிஸ்டர் (முந்தி நிறையும் தொகுதியின் மிகுதியை வடித்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் வைப்பது) வெதுவெதுப்பாக இருந்தது. சார்ஜர் இணைக்கப்படவில்லை, வண்டி ஓடி இரண்டு நாள் ஆகியிருந்தது, அப்படியும் சூடு. அந்த இடத்தில் போர்டும் பழுப்பேறியிருந்தது. தொகுதி நிறையும் தறுவாயில் மட்டும் திறந்து மூட வேண்டிய அந்தச் சிறிய டிரான்சிஸ்டர் திறந்தபடியே சிக்கிக்கொண்டு, இரவும் பகலும் ஒரே தொகுதியை வடித்துக்கொண்டிருக்கிறது. அப்படி வடிவது 50 மில்லி ஆம்பியர் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்; ஒரு நாளைக்கு அது 1.2 ஆம்பியர்-மணி, அதாவது எட்டே நாளில் அந்தத் தொகுதியின் பெரும்பகுதி காலி.

புதிய போர்டைப் போட்டால் அதுவே சமன் செய்துகொள்ளும் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். புதியதும் அதே 50 மில்லி ஆம்பியர் அளவில்தான் வேலை செய்யும். ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி வித்தியாசத்தை அந்த வேகத்தில் சரிசெய்ய 200 மணி நேரம் ஆகும். அதனால் பழைய போர்டைக் கழற்றியபின், பின்தங்கிய தொகுதிக்கு மட்டும் 4.02 வோல்ட் எல்லை வைத்து, 1 ஆம்பியரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்து சார்ஜ் ஏற்றினேன். அது 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். அந்தச் செல்களைக் கழித்துக் கட்டியிருப்பேன்.

தடித்த ஒயர்களை மாற்றிச் சாலிடர் செய்வது பெரிய வேலை இல்லை. உயிரை வாங்குவது ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டேஜையும் போர்டுக்குக் காட்டும் அந்த 14 மெல்லிய ஒயர்கள்தான். போர்டில் செருகுவதற்கு முன் கனெக்டரின் ஒவ்வொரு முனையிலும் 4.02, 8.04, 12.06 என்று படிப்படியாக ஏறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் புதிய போர்டு அங்கேயே கருகும். ஒன்பதாவது முனையில் மல்டிமீட்டரின் ஊசி வழுக்கிப் பக்கத்து முனையையும் தொட்டுவிட, ஒரு பொறி பறந்து ஒயரின் உறை கறுத்தது. அதன்பின் ஊசியின் நுனியைத் தவிர மற்ற இடத்துக்கெல்லாம் டேப் சுற்றிக்கொண்டு தொடர்ந்தேன்.

சென்ற வாரம் முழு சார்ஜில் அளந்து பார்த்தேன்: 13 தொகுதிகளுக்கும் இடையே 10 மில்லி வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. புதிதாக வாங்கியபோதுகூட இந்தப் பேட்டரி இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மேட்டில் ஒருமுறையும் அணையவில்லை.

ஆனால் இந்தப் புதிய போர்டு தூங்கிவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி எடுத்துப்போய் சார்ஜ் செய்து, திரும்பக் கொண்டுவந்து பொருத்தும் கணத்தில், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சற்று நேரம் சேமித்து வைப்பவை) ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும்; டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய போர்டு அதைப் பொருட்படுத்தியதே இல்லை. புதியது அதை ஷார்ட் சர்க்யூட் என்று முடிவுகட்டி வெளியீட்டை மூடிவிடுகிறது. பத்து முறையில் மூன்று முறை இப்படி. கடமையைச் செய்கிறது என்று அதன் பக்கம் நின்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் பேட்டரியைக் கழற்றியதும் தானே மீண்டு வரும் போர்டுகள் எத்தனையோ உண்டு. இது அந்த வகை இல்லை, மின்சாரத்தில் இணைத்த சார்ஜரைக் காட்டினால்தான் கண் திறக்கும். விற்பனைக் குறிப்பில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டு என்று பெருமையாகப் போட்டிருந்தவர்கள், அந்தப் பாதுகாப்பு எப்போது விலகும் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான்கு நாளைக்கு முன் வேறோர் இடத்தில் மழைக்காகப் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்திருந்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பொருத்தினேன். டிக். வண்டி செத்துவிட்டது. காவலாளியிடம் பிளக் பாயிண்ட் கேட்டு, அவர் போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுக்க, நான் செருகிய மூன்றே விநாடியில் எடுத்துவிட்டதைப் பார்த்து, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். அவ்வளவேதான்.

செல்களைக் கேட்டால் இதே போர்டைத்தான் போடச் சொல்லும். நண்பருக்கு நான் சொல்வது, வாங்காதீர்கள். தானே மீளும் வகையா என்று விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வேறு எதையாவது போடுங்கள். உள்ளேயே ரெசிஸ்டர் வைத்து அந்த முதல் பாய்ச்சலை அடக்கும் எக்ஸ்டி90-எஸ் கனெக்டர் ஒன்றை எனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் போட கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து ஒயரை வெட்ட வேண்டும், அதற்கு இன்னும் கை வரவில்லை. அதுவரை சார்ஜரும் என்னோடு பையில்தான் வருகிறது.