சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு லெவோஃப்ளாக்சசின்: மெடிக்கலில் சும்மா கொடுத்தால் வாங்காதீர்கள்

வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. பல வருடமாக கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். மாதாமாதம் அதை வாங்குவதே தெருமுனை மெடிக்கலில்தான், அதனால் அவருக்குச் சுகர் இருப்பது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். சளி, இருமல் என்று போய் நின்றவருக்கு, டாக்டர் சீட்டு கேட்காமல் லெவோஃப்ளாக்சசின் 500 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அட்டையைக் கத்தரித்ததில் பெயர் பாதி போய் ‘சசின் 500’ மட்டும் மிச்சம். பில்லும் இல்லை.

மறுநாள் ராத்திரி அப்பாவுக்குச் சட்டை தொப்பலாக வியர்த்தது. பேச்சு குழறியது. அம்மாவைப் பார்த்து யார் என்று கேட்டார். பக்கவாதம் என்றே பயந்துவிட்டோம். குளுக்கோமீட்டரில் பார்த்தால் சுகர் 41-க்கு இறங்கியிருந்தது. விழுங்க முடிந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம்; ஏறிய சுகர் மறுபடி இறங்கியது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, அடுத்த நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள். என்ன மாத்திரை என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது காட்டுவதற்கு அந்தத் துண்டு அட்டைதான் இருந்தது.

சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் ஃப்ளோரோகுயினலோன் என்ற ஒரே குடும்பம். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினை அதிகம் சுரக்க வைக்கக்கூடும். கிளிமிபிரைடு செய்வதும் அதே வேலைதான். இரண்டும் சேர்ந்தால், அதிலும் வயதானவர்களுக்கும் கிட்னி தளர்ந்தவர்களுக்கும், சுகர் கிடுகிடுவென இறங்கலாம். கோமா வரை போகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையிலேயே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

கடைக்காரர் கூடவே ஒரு கேஸ் ஜெல்லையும் கொடுத்து, மாத்திரையோடு சேர்த்தே குடிக்கச் சொல்லியிருக்கிறார். அலுமினியம், மக்னீசியம் கலந்த ஜெல்லோ இரும்புச்சத்து மாத்திரையோ சேர்ந்து போனால் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது; 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இதனால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் டிசானிடினோடு சிப்ரோ சேரவே கூடாது, பிரஷர் படுத்துவிடும்.

லெவோஃப்ளாக்சசின், மருந்து விதிகளில் ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதிய பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டதற்கு, “எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க, உங்கப்பாவுக்கு மட்டும் என்ன?” என்கிறார் கடைக்காரர்.

மருந்து கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்டது பில்லைத்தான். எந்தக் கடையாக இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்கள், பெயரும் தேதியும் தெரியும்படி அட்டையை வெட்டச் சொல்லுங்கள்.