பொம்மை டாங்கிக்கு டிசைன் அடிக்கக் கொடுத்து ஏமாந்தேன், ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் கவனம்

பெயர் போடவில்லை, போட்டால் வேறு வம்பு. ராமநாதபுரம் டவுனில் இருந்துகொண்டு, வார்கேம் (பொம்மைப் படைகளை மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டு) பொம்மை டாங்கிகளுக்குக் கையால் டிசைன் வரைந்து தருவதாக வாட்ஸ்அப்பில் படம் போட்டு ஆர்டர் பிடிக்கிறார் ஒருவர். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இதை ஆடுவதே நாலைந்து பேர்தான், யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

என்னிடம் இருந்தவை 1:56 அளவில் மூன்று பிளாஸ்டிக் மட்டில்டா (இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் டாங்கி), ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் நீளம், துபாயிலிருந்து மச்சான் துணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. 1940 டிசம்பர் 9 அன்று எகிப்தில் இத்தாலியர்களின் நிபெய்வா முகாமை 4-வது இந்திய டிவிஷன் பிடித்தபோது முன்னால் போனவை மட்டில்டாக்கள்தான், அந்தச் சண்டையை மேசையில் ஆட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்போது பாலைவனத்தில் அவற்றுக்கு அடித்திருந்தது கான்டர் பேட்டர்ன் என்ற உருமறைப்பு டிசைன். மூன்று நிறம், வளைவே இல்லாமல் நேர்கோட்டில் சாய்வாக வெட்டி வெட்டிப் போகும், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வண்டியின் உருவம் சட்டென்று பிடிபடாது. எனக்குக் கை லேசாக நடுங்கும், மாஸ்கிங் டேப் ஒட்டினாலும் கோடு கோணிவிடும், அதனால்தான் வெளியே கொடுத்தேன். ஒன்றுக்கு 1,500, முழுப் பணமும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். "கலர் எல்லாம் இம்போர்ட்டட்ண்ணே, நீங்க கவலையே படாதீங்க."

ஐப்பசியில் கொடுத்தது, தை பிறந்துதான் கைக்கு வந்தது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. ஜெட்டியில் தினமும் மூக்கில் ஏறுகிற அதே வாசனை, படகுக்கு அடிக்கிற எனாமல்! பக்கத் தகட்டில் வரிசையாக இருக்கும் போல்ட் தலைகள் மேல் தோசை மாவு ஊற்றிய மாதிரி பெயிண்ட் மூடிக் கிடந்தது. நகத்தால் லேசாகக் கீறினேன், பாலாடை போல உரிந்து வந்தது, அடியில் வெறும் பிளாஸ்டிக். பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்க வேண்டிய பிரைமரே அடிக்கவில்லை. மேலே அடித்த வார்னிஷோ மூன்றிலும் வெள்ளையாக மூட்டம் போட்டிருந்தது. அடைமழை மாதத்தில் இந்தக் கடலோர ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் அப்படித்தான் ஆகும், காசு வாங்கி வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா?

நிறம் இன்னொரு கூத்து. மூன்றில் ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்தது சில்வர் கிரே, பெயரில்தான் வெள்ளி, பார்வைக்குப் பச்சை ஓடிய சாம்பல். வந்தது ஆகாய நீலம். இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி மியூசியத்து மட்டில்டாவுக்கே ஒரு காலத்தில் தப்பாக நீலம் அடித்து, அதைப் பார்த்து மாடல் செய்கிறவர்கள் பலரும் நீலம் அடித்தார்கள், அந்த அளவில் மன்னித்திருப்பேன். ஆனால் நான் கலர் பூசிய அட்டையே கையில் கொடுத்திருந்தேனே.

போன் போட்டால், "கடக்காத்துக்கு எந்த பெயிண்டும் நிக்காதுண்ணே" என்றார். பணம் என்றதும் கட் செய்துவிட்டார், அப்புறம் பிளாக்.

எங்காவது வெளியே கொடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு வண்டியை மட்டும் கொடுங்கள், வந்ததும் அடியில் கீறிப் பாருங்கள், மீதிப் பணத்தை அப்புறம் பேசலாம். உரிக்க வேண்டி வந்தால் தின்னர் பக்கமே போகாதீர்கள், நான் அவசரப்பட்டு ஒன்றைத் தின்னரில் முக்கி, துப்பாக்கிக் குழல் வதங்கிய வெண்டைக்காய் மாதிரி தொங்கிவிட்டது. மற்ற இரண்டையும் பிரேக் ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன், பெரும்பாலும் வந்துவிட்டது.

நேற்று நண்பர் ஒருவர் அந்த ஆளின் ஸ்டேட்டஸைக் காட்டினார். என் மட்டில்டாதான், மூட்டம் தெரியாத பக்கமாகத் திருப்பி வைத்து எடுத்த படம், கீழே "கஸ்டமர் ஃபுல் ஹேப்பி" என்று இரண்டு பூ.