சனிக்கிழமை வகுப்பும் கடல் கடந்த குத்தகைகளும்: ஒரு மதிப்புரை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாத்திரக் கடையின் மாடியில், 2025 ஆடி மாதம் தொடங்கி எட்டு வாரங்கள் நடந்த சனிக்கிழமை வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. அயல்நாட்டு ராணுவத் தளங்களைச் சுற்றி எழும் தகராறுகள், அமெரிக்க அதிபரின் போர் அதிகாரம் ஆகிய இரண்டும்தான் பாடம். நடத்தியவர் ஓய்வு பெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியர். குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்களை மனத்தில் வைத்தே தொடங்கினாலும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார். கட்டணம் 1,200 ரூபாய். மகளுக்காகப் பணம் கட்டப் போன நான், முதல் நாள் அவளை விட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் பின்வரிசையில் உட்கார்ந்தேன்; மறுவாரம் எனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

இப்படியொரு பாடத்துக்குக் காவிரிக் கரையில் யார் வருவார்கள் என்று நானும்தான் நினைத்தேன். ஏறக்குறைய முப்பது பேர் வந்தோம். பாதிப் பேர் தேர்வு எழுதுபவர்கள். மற்றவர்களில் பலருக்கு வளைகுடாவில் பிள்ளையோ கணவரோ இருந்தார்கள். 2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்பஹான் அணுசக்தி நிலையங்களைத் தாக்கியது. மறுநாள் ஈரான் கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தின் மீது ஏவுகணைகளை ஏவியது. கத்தாரின் வான்வெளி மூடப்பட்டது. அந்த இரவில் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் எத்தனை வீடுகளில் விடியும்வரை கைப்பேசியைக் கீழே வைக்காமல் இருந்தார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

முதல் நான்கு வாரங்களைப் பேராசிரியர் தளங்களுக்கு ஒதுக்கியிருந்தார். இந்தப் பகுதிக்கு மட்டுமே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். ராணுவத் தளம் என்றதும் விமானங்களையும் கப்பல்களையும் எண்ணத் தொடங்காமல், அதை ஒரு குத்தகைப் பத்திரமாகப் படிக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். நிலம் யாருடையது, குத்தகை எவ்வளவு, கெடு எத்தனை ஆண்டு, யார் சொன்னால் காலி செய்ய வேண்டும் என்ற நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்கவே இல்லை. தஞ்சை மாவட்டத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் குத்தகைக்கு உழுது வளர்ந்த குடும்பங்களுக்கு இதைவிட எளிதாக யாரும் கதவைத் திறந்துவிட முடியாது.

கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோ முதல் எடுத்துக்காட்டு. கியூபா 1903-இல் கொடுத்த குத்தகை அது. 1934 உடன்படிக்கையின்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலோ அமெரிக்காவே விட்டுப் போனாலோதான் முடியும். ஆண்டுத் தொகை 4,085 டாலர். 1959 புரட்சிக்குப் பிறகு வந்த காசோலைகளில் ஒன்றைத் தவிர வேறெதையும் கியூபா அரசு பணமாக்கவில்லை. ஆனாலும் அமெரிக்கா அனுப்பிக்கொண்டே இருந்தது. நிலக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால், சாகுபடி செய்பவர் அதை நீதிமன்றத்தில் கட்டித் தன் உரிமையைக் காத்துக்கொள்ள 1955-ஆம் ஆண்டுச் சட்டம் நம் ஊரில் வழி செய்திருக்கிறதே, அதைப் பேராசிரியர் இங்கே பொருத்திக் காட்டியபோது வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்கு முழுச் சிரிப்பு வரவில்லை. நம் சட்டம் பண்ணையாருக்கு முன்னால் கைகட்டி நின்ற எளியவருக்காக வந்தது; குவாண்டனாமோவில் குத்தகைக்காரர்தான் பண்ணையார். உவமை எங்கே தலைகீழாகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கத் தளம் இருக்கும் டீகோ கார்சியாவுக்கு ஒரு வாரம் முழுவதும் போயிற்று. மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965-இல், பிரிட்டன் சாகோஸ் தீவுகளைத் தனியே பிரித்தெடுத்தது; அதற்காக 30 லட்சம் பவுண்டு கொடுத்தது; 1966-இல் டீகோ கார்சியாவை அமெரிக்காவின் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது; 1968 முதல் 1973 வரை அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றியது. பிரித்தது சட்டப்படி செல்லாது என்ற பொருளில் பன்னாட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதே ஆண்டு மே 22-இல் ஐ.நா. பொதுச்சபை 116-க்கு 6 என்ற வாக்கில் அதை ஒட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 மே 22-இல், தீவுகளின் இறையாண்மை மொரீஷியஸுக்கு, தளம் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனுக்கு, ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு தேதிகளும் ஒன்றாக இருப்பதை என் மகள்தான் கவனித்துச் சொன்னாள். பேராசிரியர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இருபது வயதுப் பெண் சொன்னதைக் குறித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் குறைவு என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வாரத்தின் கடைசி அரைமணி நேரம் யாரும் எதிர்பார்க்காதது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிச் சென்ற இலங்கைத் தமிழர்களின் மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி, அவர்கள் டீகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்ட கதையை அவர் சொன்னார். தஞ்சம் கேட்பதற்கான நடைமுறையே இல்லாத தீவு அது. அங்கே குழந்தைகளும் இருந்த அந்தக் கூட்டம் மூன்று ஆண்டுகள் வேலியடைத்த கூடாரங்களில் கிடந்தது. 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்திருந்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்பளித்தது. குடிமக்கள் யாருமே இல்லை என்று சொல்லிக் காலி செய்த மண்ணில் முதன்முதலாகத் தஞ்சம் கேட்டவர்கள் தமிழ் பேசியவர்கள் என்ற செய்தியைக் கேட்டபின் வகுப்பில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

நான்காம் வாரம் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனார். வேன் கட்டணம் தனி, தலைக்கு 350 ரூபாய். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு ஆண்டுத் தொகை பேசி இடம் கொடுத்தார். அவர்கள் கட்டியது டேன்ஸ்போர்க் கோட்டை. கொடுத்த நாயக்கர் வம்சமும் போய், மராட்டியரும் வந்து, அவர்களின் ஆட்சியும் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போன பிறகு, 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரைக் கும்பினிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். குத்தகைக்கு வந்தவர் விற்றுவிட்டுப் போவது எந்த ஊர் வழக்கம் என்று வேன் ஓட்டுநர் கேட்டதற்கு, சாகோஸையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியர். அதே டென்மார்க் இன்று கிரீன்லாந்தில் மறுபக்கத்தில் நிற்கிறது: 1951-இல் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது, அங்குள்ள பிட்டுஃபிக் என்ற அமெரிக்கத் தளத்துக்காக 1953-இல் அங்கிருந்த இனுக்வித் மக்களை வேறிடத்துக்குப் பெயர்த்தது, இப்போது அந்தத் தீவையே தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று டிரம்ப் வற்புறுத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்த்தபடி இதைக் கேட்டது எட்டு வாரங்களில் மிக நல்ல பொழுது.

பிலிப்பைன்ஸுக்கும் ஜப்பானின் ஒக்கினாவா தீவுக்கும் சேர்த்து ஒரே மணி நேரம்தான் கிடைத்தது. 1991 செப்டம்பர் 16-இல் மணிலா செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தள ஒப்பந்தத்தை நிராகரித்ததையும், 2014-இல் வேறு பெயரில் அமெரிக்கப் படை திரும்பி வந்ததையும் இன்னும் விரித்திருக்கலாம்.

அடுத்த நான்கு வாரங்கள் அதிபரின் போர் அதிகாரம். இங்கே தரம் சற்று இறங்கியது. தொடக்கம் நன்றாகவே இருந்தது. போரை அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, படைத் தலைமை அதிபருக்கு என்று 1787-இல் பிரித்து எழுதியவர்கள், திடீர்த் தாக்குதலைத் தடுக்கும் உரிமையை அதிபரிடமே விட்டார்கள். இதை விளக்க அவர் மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரை உவமையாக அழைத்து வந்தார். தண்ணீர் எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது மேலே உள்ளவர்கள். ஷட்டர் சாவி லஸ்கரிடம். நள்ளிரவில் வெள்ளம் ஏறிக் கரை உடையும் நிலை வந்தால் அவர் உத்தரவுக்குக் காத்திருக்காமல் திறந்துவிட்டுப் பிறகு தகவல் சொல்வார். 1973-ஆம் ஆண்டுப் போர் அதிகாரத் தீர்மானமும் அதையே சொல்கிறது: 48 மணி நேரத்தில் தெரிவி, நாடாளுமன்றம் ஒப்புதல் தராவிட்டால் 60 நாளில் நிறுத்து, படையைப் பாதுகாப்பாகத் திரும்ப அழைக்க மேலும் 30 நாள் எடுத்துக்கொள்.

ஆனால் அச்சிட்டுக் கொடுத்த குறிப்பில் இந்தச் சட்டத்தில் அன்றைய அதிபர் நிக்சன் கையெழுத்திட்டதாக இருந்தது. உண்மையில் அவர் அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். 1973 நவம்பர் 7-இல் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அந்த வீட்டோவைத் தள்ளிவிட்டு நிறைவேற்றின. சட்டத்தின் உயிரே அந்தச் சண்டையில்தான் இருக்கிறது. ஆகவே இதை அச்சுப் பிழை என்று விட முடியாது. சுட்டிக்காட்டிய பிறகு மறுவாரம் திருத்திக் கொடுத்தார்.

இதைவிடப் பெரிய குறை, சட்டம் ஏன் பல் இல்லாமல் போனது என்பதை அவசரமாகக் கடந்து போனது. 2011-இல் லிபியா மீது குண்டு வீசிக்கொண்டிருக்கும்போதே 60 நாள் கடந்துவிட, தரைப்படை இறங்காத இந்த நடவடிக்கை சட்டம் சொல்லும் 'போர்ச்செயல்' ஆகாது என்று ஒபாமா அரசு வாதிட்டதைச் சொன்னார். ஆனால் சட்டம் பல் இழக்கக் காரணமான 1983-ஆம் ஆண்டு சாதா வழக்கைச் சொல்லவில்லை. கென்யாவில் பிறந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜகதீஷ் ராய் சாதா என்பவரின் குடியேற்ற வழக்கு அது. அதிபரின் மேசைக்குப் போகாத தீர்மானத்தால் நாடாளுமன்றம் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. அதிலிருந்து, படையைத் திருப்பி அழைக்கும் தீர்மானத்தையும் அதிபரே வீட்டோ செய்யலாம் என்ற நிலை வந்தது. 2019-இல் ஏமன் தொடர்பான தீர்மானத்தையும் 2020-இல் ஈரான் தொடர்பான தீர்மானத்தையும் டிரம்ப் அப்படித்தான் நிறுத்தினார். தண்ணீரை நிறுத்தச் சொல்லும் கடிதத்திலும் லஸ்கரே கையெழுத்துப் போட வேண்டும் என்றால் மதகு யாருடையது? வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வி எனக்கு வீடு திரும்பும் பேருந்தில்தான் தோன்றியது.

ஏழாம் வாரம், மகன் தோஹாவில் வேலை பார்க்கும் ஓர் அம்மா எழுந்து, "சார், அந்தத் தளம் அங்க இல்லேன்னா அந்த ஏவுகணை அங்க வந்திருக்குமா? சண்டை போட முடிவு பண்ணுன ஊரு ஒண்ணு, அடி வாங்குன ஊரு வேறயால்ல இருக்கு?" என்றார். அமெரிக்க செனட்டில் ஜூன் 27-இல் அதிபரைக் கட்டுப்படுத்தும் தீர்மானம் 47-க்கு 53 என்று தோற்றதைப் பதிலாகச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார் பேராசிரியர். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். எனக்கு இந்த வகுப்பின் மீது இருக்கும் மிகப் பெரிய வருத்தம் இதுதான். இரண்டு பாடங்களையும் கோக்கும் முடிச்சு அந்தக் கேள்வியில் இருந்தது. படை ஏற்கனவே கடல் கடந்து நிற்பதால்தான் அதிபரால் யாரையும் கேட்காமல் ஓர் இரவில் போரைத் தொடங்க முடிகிறது. தளத்தைத் தாக்கினால் அது 'திடீர்த் தாக்குதல்' ஆகிவிடுவதால் அவர் மேற்கொண்டும் கேட்க வேண்டியதில்லை. மறுபுறம், தளம் கொடுத்த நாடு மறுக்கும்போது சொந்த நாடாளுமன்றம் போடாத தடையை அந்த நாடு போட்டுவிடுகிறது. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 2003 மார்ச் 1-இல் துருக்கி நாடாளுமன்றத்தில் அமெரிக்கப் படைக்கு இடம் கொடுக்கும் தீர்மானத்தை 264 பேர் ஆதரித்தும் 250 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, 19 பேர் ஒதுங்கி நின்றதால் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல், வடக்கிலிருந்து தரைப்படை நுழையும் திட்டம் அப்படியே நின்றது. இதை அவர் ஐந்தாம் வாரத்தில் சொல்லியிருந்தார். ஏழாம் வாரத்தில் எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்திருக்கலாம்.

இந்தியாவுக்கு அரைமணி நேரம். போரும் அமைதியும் ஒன்றியப் பட்டியலில் 15-ஆம் இனம் என்றும், முப்படைத் தலைமை 53-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவருக்கு, ஆனால் முடிவு அமைச்சரவைக்கு என்றும் சொன்னார். சீஷெல்ஸின் அசம்ப்ஷன் தீவில் நாம் கேட்ட வசதி அந்நாட்டு எதிர்ப்பால் நின்றுபோனதையும், மொரீஷியஸின் அகலேகா தீவில் நாம் கட்டிய ஓடுதளம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டதையும் குறிப்பிட்டார். கரும்பலகையில் இருந்த நான்கு கேள்விகளை அங்கேயும் கேட்கத் துணிந்தது நேர்மையான செயல்.

மற்றவை சுருக்கமாக. குறிப்புகள் தமிழில், தெளிவான எழுத்தில் இருக்கின்றன. நிலப்படங்கள் நகலெடுத்து மங்கிவிட்டன. ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை, ஈடாக ஞாயிறு காலை வைத்தார்கள். பாபநாசத்திலிருந்து வருபவனுக்கு அது தொந்தரவு. இடைவேளையில் சுக்குக் காப்பி உண்டு, நன்றாக இருக்கும். அடுத்த தொகுதியைத் தை பிறந்ததும் தொடங்குவதாகவும் கட்டணம் 1,500 ஆகும் என்றும் சொன்னார். தேர்வுக்கு மட்டும் படிப்பவர்கள் முதல் நான்கு வாரங்களுக்குச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் முழுவதற்கும் சேரலாம். மாடியின் கிழக்குச் சுவர் ஓரம் மட்டும் உட்கார வேண்டாம், கீழே பாத்திரம் தட்டும் சத்தம் அங்கேதான் அதிகம்.